வில்ட்டன் இசைமன்றம்

தேம்ஸ் ஆற்றின் வடகரையில், இலண்டன் கோபுரக் கோட்டையிலிருந்து கிழக்கே சிறிது தொலைவு நடந்தால், கேபிள் தெரு என்னும் பழந்தெருவை அடையலாம். அதற்கு அணித்தாகக் கிரேசஸ் சந்து என்னும் குறுஞ்சந்து ஒன்று உளது. அச்சந்தில் ஐந்து பழைய வீடுகள் தோளோடு தோள் உரச நிற்கின்றன. வண்ணம் உரிந்த கதவுகளும் காலத்தாற் கறுத்த செங்கற்களும் உடைய அவ்வீடுகளை முதன்முறை பார்ப்பவர், அவற்றின் பின்னே நூற்றுக்கணக்கானோர் இருந்து பாட்டுக் கேட்கத்தக்க பெருங்கூடம் ஒன்று மறைந்துளது என்று கனவிலும் கருதார். அக்கூடமே வில்ட்டன் இசைமன்றம் ஆகும். ஒருமுறையன்று, இருமுறை மூடப்பட்டு, இடிக்கப்படுவதற்கு நாளும் குறிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் மக்கள் கூடும் இடமாகத் திறக்கப்பட்ட வரலாறு அதனுடையது.

அது தோன்றிய சூழலை முதலில் அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனின் கிழக்குப்பகுதி கப்பல்துறைகளால் பெருகியது. 1805இல் இலண்டன் துறையும், 1828இல் புனித கேத்தரின் துறையும் திறக்கப்பெற்றன. தேயிலை, புகையிலை, கம்பளி, கொடிமுந்திரிச் சாறு, நறுமணப் பண்டங்கள் என உலகின் செல்வமெல்லாம் அங்கு வந்து இறங்கியது. அச்செல்வத்தைத் தோளிற் சுமந்து இறக்கியவர்களோ வறியவர்கள். நாள்தோறும் காலையில் துறையின் வாயிலில் கூட்டமாகச் சென்று நிற்பர். மேற்பார்ப்போன் சுட்டிக் காட்டியவர்க்கே அன்றைய வேலை. அதுவும் சிலபோது இரண்டொரு மணி நேரமே கிடைக்கும். சுட்டப்படாதவர் வெறுங்கையோடு வீடு திரும்புவர். இவர்களோடு டென்மார்க்கு, சுவீடன், நார்வே முதலிய நாடுகளின் கப்பல் தலைவரும், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தோரும், ‘லஸ்கர்’ எனப்பட்ட இந்தியக் கப்பலோட்டிகளும் அப்பகுதியில் கலந்து வாழ்ந்தனர்.

இத்தகையோர் மாலையிற் கூடுதற்கு உரிய இடம் மதுக்கடையே. கிரேசஸ் சந்திலும் அத்தகைய கடை ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டு முதல் இருந்தது. 1826ஆம் ஆண்டளவில் அதன் உரிமையாளர், பிற கடைகளில் இல்லாத புதுமையாக, மகோகனி என்னும் செம்மரத்தால் பலகைமேடையும் பிற அமைப்புகளும் செய்வித்தார். அதனால் அக்கடைக்கு ‘மகோகனிக் கடை’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. மாலுமிகள் வாயிலாக அப்பெயர் கடல் கடந்தும் பரவியது. 1839இல் கடையின் பின்புறம் பாட்டுக்கென ஓர் அறை கட்டப்பட்டது. அதன்பின் சில காலம் அங்கே நாடகமும் நடிக்கப்பெற்றது.

ஈண்டு அந்நாட்டுச் சட்டம் ஒன்றைக் கூறுதல் தகும். 1843இல் இயற்றப்பட்ட அரங்கச் சட்டத்தின் பயனாக இருவகை இடங்கள் வேறுபிரிந்தன. முழு நாடகம் நடிக்கும் அரங்கின் அவைக்குள் குடியும் புகையும் ஆகா. குடியும் புகையும் வேண்டுவோர் நாடகத்தை விடுத்துப் பாட்டு, ஆட்டம், வேடிக்கை ஆகியவற்றோடு அமைதல் வேண்டும். மதுக்கடைக்காரர் பலர் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர். இங்ஙனம் பிறந்ததே ‘மியூசிக் ஹால்’ எனப்பட்ட இசைமன்றம். உண்டும் குடித்தும் பேசியும் இருப்போரிடையே பாடகர் தோன்றிப் பாடுவார். பல்லவி வந்தவுடன் அவையினர் அனைவரும் உடன் பாடுவர். கழைக்கூத்தும் நகைப்பாட்டும் இடையிடையே நிகழும். இசை நாடகங்களின் பகுதிகளும் பாடப்பெறும். உயர்ந்தோர் கலை, தாழ்ந்தோர் கலை என்னும் வேற்றுமையை ஏழைகள் அவ்வளவாகப் பாராட்டவில்லை என்பதற்கு அம்மேடைகளே சான்று.

1850ஆம் ஆண்டளவில் மகோகனிக் கடையை வாங்கியவர் ஜான் வில்ட்டன் என்பவர். அவர் பழைய பாட்டறையை 1853இல் பெரிதாக்கினார். அதுவும் போதாமை கண்டு, அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு, அவற்றின் பின்புறத்து நிலத்தில் ஒரு பெருமன்றம் எழுப்பி 1859இல் திறந்தார். சந்தின் முகப்பில் உள்ள வீடுகளை அவர் இடிக்கவில்லை. ஆதலின், கடையினூடே நுழைந்து குறுகிய வழியாகச் சென்ற பின்னரே மன்றத்தின் பேரழகு கண்முன் விரியும். மாளிகை கட்டுவோர் பெரும்பாலும் முகப்பிற்கே பொன்னைச் செலவிடுவர். வில்ட்டன் அதனை உள்ளே செலவிட்டார். சுமை தூக்கிக் களைத்து வருவோனுக்கு அந்த எதிர்பாராத காட்சி எத்தகைய வியப்பை அளித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மன்றத்தின் மூன்று பக்கமும் மேல்மாடம் சூழ்ந்துள்ளது. அதனைத் தாங்குவன முறுக்கிய கரும்புபோல் திருகுற்று நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள். மாடத்தின் முகப்பில் இலையும் கொடியுமாகப் படர்ந்திருக்கும் அணிவேலை மரமுமன்று, கல்லுமன்று. காகிதக் கூழை அச்சில் இட்டு உருவாக்கியது. கூரை, பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற் போன்ற வளைவுடையது. அதன் நடுவில் முந்நூறு வாயுச் சுடர்களும், பட்டை தீட்டிய 27,000 பளிங்குத் துண்டுகளும் கொண்ட பெருஞ்சரவிளக்கு ஒன்று தொங்கியது. சுவர்களிற் பதித்த கண்ணாடிகள் அவ்வொளியைப் பலமடங்கு ஆக்கின. அவ்விளக்கு அழகிற்காக மட்டும் அமைந்ததன்று. வெம்மையால் எழும் காற்று விளக்கின் மேலுள்ள வழியே கூரைக்கு வெளியே சென்றது. அதனோடு அவையின் புகையும் புழுக்கமும் வெளியேறின. இந்த மன்றத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேர்வரை திரண்டனர் என்பர். நகரின் மேற்குப்பகுதியிற் பாடி முடித்த புகழ்மிக்க பாடகர், குதிரைவண்டியில் விரைந்து கிழக்கே வந்து, அதே இரவில் இங்கும் பாடிச் சென்றனர். செல்வர் கேட்ட குரலையே சுமைகூலியரும் கேட்டனர்.

வில்ட்டன் 1868இல் மன்றத்தை விட்டு நீங்கினார். பிறர் நடத்தி வருகையில் 1877இல் தீப்பற்றிப் பெருஞ்சேதம் விளைந்தது. மறுஆண்டே மன்றம் புதுப்பிக்கப்பட்டது. ஆயினும் அதே 1878இல் அரங்குகளின் தீக்காப்புக் குறித்துக் கடுமையான சட்டம் ஒன்று இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் வேண்டிய மாற்றங்களைச் செய்தற்குப் பொருளின்றிச் சிற்றரங்குகள் பல மூடப்பட்டன. மக்களின் உயிரைக் காக்க எழுந்த சட்டத்தைக் குறைகூறல் இயலாது. எனினும் அதனால் ஏழையர் பலர் தம் தெருமுனையில் இருந்த அரங்கை இழந்தனர் என்பதும் உண்மையே. வில்ட்டன் மன்றமும் சில ஆண்டுகளில் ஒலி அடங்கியது.

1888இல் அக்கதவைத் திறந்தவர்கள், எவரும் எதிர்பாராதவர்கள். கிழக்கு இலண்டனில் தொண்டு செய்து வந்த மெதடிஸ்ட் கிறித்தவ சபையினரே அவர். மதுவை முற்றும் வெறுப்பவர். இசைமன்றங்களைத் தீமையின் இருப்பிடம் என்று கருதியவர். அத்தகையோர் மதுக்கடையையும் அதன் பின்னுள்ள மன்றத்தையும் ஏற்று, வழிபாட்டிற்கும் தொண்டிற்கும் உரிய இடமாக்கினர். மக்கள் நாவில் நிலைத்துவிட்ட பெயரை அவர்களாலும் மாற்ற இயலவில்லை. ‘மகோகனிக் கடைத் தொண்டகம்’ என்றே அது வழங்கியது. குடியர் கூடிய இடத்தைக் குடியை வெறுத்தோர் எழுபது ஆண்டுக்கு அணித்தான காலம் பேணிக் காத்தனர் என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. அவர்கள் வந்திராவிடின் அக்கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தாண்டியிராது.

தொண்டகம் தொடங்கிய மறுஆண்டே அதற்குக் கடுமையான சோதனை வந்தது. 1889 ஆகஸ்டு 14ஆம் நாள் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அக்காலத்தில் ஒரு பவுன் இருபது ஷில்லிங்கு; ஒரு ஷில்லிங்கு பன்னிரண்டு பென்னி. மணிக்கு ஐந்து பென்னியாக இருந்த கூலியை ஆறாக்குதல் வேண்டும் என்பதும், ஒருவனை வேலைக்கு அழைத்தால் நான்கு மணி நேரத்திற்குக் குறையாமல் வேலை தருதல் வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் முதன்மையானவை. பென் டில்லெட், ஜான் பர்ன்ஸ், டாம் மான் ஆகியோர் அவர்களை வழிநடத்தினர். ஏறத்தாழ ஓரிலக்கம் பேர் வேலையை விட்டு வெளியேறினர்.

அன்றன்று கிடைக்கும் கூலியை அன்றன்றே உண்டு வாழ்வோர் வேலையை நிறுத்தினால், முதல் வாரத்திலேயே அடுப்பு அணையும். முதலாளிகள் நம்பியிருந்ததும் அப்பசியையே. அப்போது கிரேசஸ் சந்துத் தொண்டகத்தில் கஞ்சித்தொட்டி திறக்கப்பட்டது. தொழிலாளர் குடும்பங்களுக்கு நாள்தோறும் ஆயிரம் பேருக்குக் குறையாமல் அங்கு உணவளிக்கப்பட்டது என்பர். முறுக்குத் தூண்களின் நடுவே, முன்பு பாடகரின் வரவை எதிர்நோக்கி இருந்த அதே மக்கள், கலயத்தோடு கஞ்சிக்கு நின்றனர். ஆஸ்திரேலிய நாட்டுத் தொழிலாளரும் பொதுமக்களும் 30,000 பவுன் திரட்டி அனுப்பினர். கத்தோலிக்கக் கர்தினால் மானிங் இருதரத்தாரிடையே நின்று சந்து செய்வித்தார். செப்டம்பர் 16ஆம் நாள் தொழிலாளர் வெற்றியோடு வேலைக்குத் திரும்பினர்; மணிக்கு ஆறு பென்னி என்பது உறுதியாயிற்று. அவ்வெற்றியை வரலாற்று நூல்கள் தலைவர்களின் சொல்வன்மைக்கு உரியதாக எழுதும். கஞ்சித்தொட்டிகளில் அகப்பை பிடித்த கைகளுக்கும் அதிற் பங்குண்டு.

அதே கால அளவில் தேம்ஸின் தென்கரையிலும் இதனையொத்த முயற்சி ஒன்று நிகழ்ந்தது. 1818இல் திறக்கப்பெற்று, விக்டோரியா அரங்கு என்று பின்னர்ப் பெயர் பெற்ற நாடக அரங்கு ஒன்று நலிவுற்றிருந்தது. ஏழைத் தொழிலாளரின் குடியிருப்புகளை மேற்பார்த்து வந்த எம்மா கான்ஸ் என்னும் அம்மையார் அதனை ஏற்று, 1880 இறுதியில் மதுவில்லாத இசைமன்றமாகத் திறந்தார். காப்பியே அங்குக் குடிபொருள். பாட்டில்லாத நாள்களில் சிறு கட்டணத்திற்கு அறிவியற் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. கேட்க வந்த தொழிலாளர் மேலும் முறையாகக் கற்க விரும்பினர். அவ்விருப்பத்தினின்றும் தோன்றியதே மார்லி கல்லூரி. அது 1889 முதல் உழைக்கும் மக்களுக்கு மாலைநேரக் கல்வி அளித்து வருகிறது. அரங்கோ ‘ஓல்டு விக்’ என்னும் பெயரோடு ஆங்கில நாடகத்தின் தலையாய இடங்களுள் ஒன்றாயிற்று.

தமிழில் ‘மன்றம்’ என்னும் சொல் பலர் கூடும் பொதுவிடத்தையும், வழக்கை ஆராயும் அவையையும் குறிக்கும். ‘மன்று’ என்பதோ ஆடல் நிகழும் அரங்கையும் குறிக்கும். இவை வெவ்வேறு இடங்கள் அல்ல, ஓரிடத்தின் வெவ்வேறு பயன்கள் என்பது அச்சொற்களை வழங்கியோர் கருத்துப் போலும். கிரேசஸ் சந்தின் வரலாறும் அவ்வாறே நடந்தது.

1936 அக்டோபர் 4ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்வால்டு மாஸ்லி என்பாரின் தலைமையில் கருஞ்சட்டை அணிந்த பாசிசக் கட்சியினர், யூதர் மிகுதியாக வாழ்ந்த அப்பகுதியினூடே அணிவகுத்துச் செல்லத் திட்டமிட்டனர். அவர்களுக்கு வழி ஏற்படுத்த ஆயிரக்கணக்கான காவலர் அனுப்பப்பட்டனர். யூதரும், அயர்லாந்துத் துறைமுகத் தொழிலாளரும், பிறரும் ஒன்றுகூடிக் கேபிள் தெருவில் வண்டிகளையும் தட்டுமுட்டுகளையும் குவித்துத் தடுப்பு அமைத்தனர். காவலர்க்கும் மக்களுக்கும் கைகலப்பு நேர்ந்தது. இறுதியில் அணிவகுப்பு அவ்வழியே செல்லாமல் திரும்பியது. அன்று தடுத்து நின்றோர்க்குத் தொண்டகம் புகலிடமாக இருந்தது எனக் கூறப்படுகிறது. அவ்வாண்டு இறுதியில் அரசியற் கட்சியினர் சீருடை அணிதலைத் தடைசெய்யும் சட்டமும் நிறைவேறியது.

இரண்டாம் உலகப் போரில் கப்பல்துறைகளைக் குறிவைத்து வானிலிருந்து குண்டுகள் பொழிந்தன. கிழக்கு இலண்டனில் தெருத்தெருவாக வீடுகள் அழிந்தும் வில்ட்டன் மன்றம் தப்பியது. ஆனால், போர் செய்யாததை அமைதிக்காலம் செய்ய முற்பட்டது. குடிகள் குறைந்தமையால் 1956இல் தொண்டகம் மூடப்பட்டது. கட்டடம் கந்தல் துணிகளைப் பிரித்து அடுக்கும் கிடங்காயிற்று. பாட்டும் வழிபாடும் கேட்ட கூடத்தில் மூட்டைகள் கூரைமட்டும் குவிந்தன.

அப்பொழுது நகராட்சியினர், பழைய நெருக்கமான வீடுகளை இடித்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் உள்ள புதுக் குடியிருப்புகளைக் கட்டிவந்தனர். அந்நோக்கம் தவறானதன்று. ஒரே அறையில் பலர் நெருங்கி, நோயோடு வாழ்ந்தவர்க்கு அது பெரும்பேறே. ஆயினும் வரைபடத்தின்மேல் கோடு இழுப்பவர்க்குக் கூரையின் சிதைவு தெரியுமேயன்றி, அக்கூரையின்கீழ் நிகழ்ந்தவை தெரிவதில்லை. 1964இல், இடிக்கப்படும் பகுதிக்குள் வில்ட்டன் மன்றமும் அடங்கியது.

எதிர்த்து எழுந்தோருள் முதன்மையானவர் ஜான் பெட்ஜமன் என்னும் கவிஞர். பின்னர் 1972இல் அரசவைக் கவிஞராக அமர்த்தப்பெற்றவர் இவரே. பழைய கட்டடங்களைக் காத்தற்பொருட்டு அவர் பலகாலும் வாதாடியவர். 1961இல் யூஸ்டன் புகைவண்டி நிலையத்தின் மாபெரும் கல்வாயிலைக் காக்க முயன்று தோற்றவர். தோல்வியிற் பயின்ற அவர் இம்முறை தளரவில்லை. இசைமன்றக் கலையில் ஈடுபாடுடையோரும், நகைச்சுவை நடிகர் சிலரும் அவரோடு சேர்ந்தனர். இடிப்பு நின்றது. 1971இல் மன்றம் சட்டத்தாற் காக்கப்படும் சிறப்புக் கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்விடத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கட்டடம் காக்கப்பட்டது, ஆனால், அது திறக்கப்படவில்லை. சட்டம் இடிப்போன் கையைத் தடுக்கும்; கூரை ஒழுகுவதைத் தடுக்காது. பட்டியலில் இடம்பெற்ற பின்னும் இருபத்தாறு ஆண்டுகள் மன்றத்தில் முறையான நிகழ்ச்சி இல்லை. சுற்றிலும் இருந்த வீடுகள் மறைந்தன. அவற்றில் வாழ்ந்தோர் வேறிடம் சென்றனர். கப்பல்துறைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சுவரில் ஈரம் ஏறியது, காரை பெயர்ந்தது. பழைய அழகை நாடித் திரைப்படக்காரர் அவ்வப்போது வந்தனர். 1992இல் வெளிவந்த சார்லி சாப்ளினின் வாழ்க்கைப் படத்திற்கு அங்குக் காட்சிகள் எடுக்கப்பெற்றன. இசைமன்றப் பாடகர் குடும்பத்திற் பிறந்த சாப்ளினின் கதைக்கு அம்மேடை மிகப் பொருத்தமே. எனினும் படப்பிடிப்பு முடிந்தவுடன் கதவு மீண்டும் பூட்டப்படும்.

1997இல் அக்கதவு மக்களுக்கு மீண்டும் திறந்தது. பியோனா ஷா என்னும் நடிகையார், டி. எஸ். எலியட் 1922இல் வெளியிட்ட ‘பாழ்நிலம்’ என்னும் நெடும்பாட்டைத் தனியொருவராக நின்று அம்மேடையில் நிகழ்த்திக் காட்டினார். டெபோரா வார்னர் அதனை இயக்கினார். சிதைவைப் பாடும் பாட்டுக்குச் சிதைந்த மன்றமே தக்க களமாயிற்று. பின்னர் இசைநாடகக் குழு ஒன்று சில ஆண்டுகள் அங்கிருந்தது. 2004 முதல் மன்றத்திற்கெனத் தனி அறக்கட்டளை பொறுப்பேற்றது. அப்பொறுப்பை ஏற்று நடத்திய பிரான்சஸ் மேஹ்யூ என்னும் அம்மையாரிடம் அரசின் நிலையான உதவித்தொகை இல்லை. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அவர் மன்றத்தை ஓட்டினார். திருமணத்திற்கு வாடகைக்கு விட்டார், படப்பிடிப்புக்கு இடந்தந்தார், முன்புறத்து மதுக்கடையை மாலைதோறும் திறந்துவைத்தார். நுழைவுச்சீட்டு வாங்காதவரும் உள்ளே வந்து அமரலாம் என்பதே அவ்வேற்பாட்டின் சிறப்பு. பழுதெல்லாம் பார்த்து முடித்த பின்னரே திறப்போம் என்று காத்திருந்தால், அந்நாள் வந்திராது.

மன்றத்தில் ஆள் நடமாட்டம் இருந்தமையாலேயே அதனைப் பழுதுபார்க்க வேண்டும் என்னும் குரலும் வலுத்தது. நன்கொடைகள் சேர்ந்தன. நாட்டின் பரிசுச்சீட்டு வருவாயிலிருந்து பழம்பொருள் பேணற்கு ஒதுக்கப்படும் நிதியும் கிடைத்தது. சூதாட்டத்தையும் மதுவைப் போன்றே வெறுத்த மெதடிஸ்ட் தொண்டர்கள் இதனைக் கண்டிருந்தால் என்ன கூறியிருப்பரோ! முதலில் பெருங்கூடமும், பின்னர் முன்புறத்து வீடுகளுமாக வேலை நடந்து 2015இல் நிறைவுற்றது. கட்டடக் கலைஞர் டிம் ரொனால்ட்ஸ் அதனை மேற்கொண்டார்.

பழுதுபார்த்தல் எளிதாகத் தோன்றும். எவ்வளவு பார்ப்பது என்பதே அரிய வினா. 1859இல் வில்ட்டன் திறந்த நாளில் இருந்தவாறு பொன்வண்ணம் பூசி, கண்ணாடி பதித்து, புத்தம்புதிதாக ஆக்கிவிடலாம். அங்ஙனம் ஆக்கினால், தீக்குப் பின் 1878இல் செய்த வேலை என்னாவது? தொண்டகத்தார் பூசிய வண்ணம் என்னாவது? கந்தற் கிடங்காக இருந்த காலத்தின் வடு என்னாவது? ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தல் மற்றக் காலங்களை அழித்தலாகும். ஆதலின், கட்டடம் நிலைத்திருத்தற்கும் மக்கள் அச்சமின்றிக் கூடுதற்கும் வேண்டியவற்றையே செய்வது என்று துணிந்தனர். அடித்தளமும் கூரையும் வலுப்பெற்றன, ஈரம் தடுக்கப்பட்டது, மின்கம்பிகளும் தீக்காப்பும் செம்மையாயின. எஞ்சியவை கண்டவாறே விடப்பட்டன. உரிந்த வண்ணத்தின்மேல் புதுவண்ணம் பூசவில்லை. பெயர்ந்த காரையின்கீழ்த் தெரியும் செங்கலையும் மறைக்கவில்லை. செல்லரித்த ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் நற்புலவர், அழிந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பாமல் புள்ளியிட்டு விடுவர் அன்றோ? அத்தகைய அடக்கமே இவ்வேலையிலும் காணப்படுகிறது. பழைய சரவிளக்கு இன்று இல்லை. அதன் வெம்மையாற் கரிந்த கூரைக்கட்டைகள் இன்றும் உள்ளன. 2016இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகம் இவ்வேலைக்கு நாட்டளவிலான விருது அளித்தது.

இம்முறையை எல்லாரும் ஏற்றுக்கொள்வர் என்பதற்கில்லை. கிழிந்த உடையைத் தைக்காமல் அணிவித்து அழகு பார்ப்பது போன்றது என்று குறைகூறுவோரும் இருக்கலாம். ஆனால், அங்குத் தையல் இல்லாமல் இல்லை. அது தையல் என்று தெரியும்படி விடப்பட்டிருக்கிறது. பாடகனின் மேடை, கஞ்சிக்கூடம், புகலிடம், கிடங்கு ஆகிய நான்கும் ஒரே சுவரில் ஒருங்கே தெரிகின்றன.

இன்னொரு வினா இதனினும் கடியது. யாருக்காக அம்மன்றம் மீண்டது? அதனைச் சுற்றி வாழ்ந்த சுமைகூலியரும் கப்பலோட்டிகளும் இன்று அங்கு இல்லை. வங்காளதேசத்திலிருந்து சென்று குடியேறிய குடும்பங்கள் அவ்வட்டாரத்தில் மிகுதியாக வாழ்கின்றன; அணித்தே நகரின் வணிக மாளிகைகள் வானளாவ நிற்கின்றன. மாளிகைகளிற் பணிபுரிவோர் மாலையில் மன்றத்திற்கு வருதல் எளிது. தெருவில் வாழ்வோர் வருவதற்கு அழைப்பு வேண்டும். ஓரிடத்தைச் செங்கல்லாற் புதுப்பித்தல் சில ஆண்டுகளில் முடியும். அதனை மீண்டும் அத்தெருவாருக்கு உரியதாக ஆக்குதலோ நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து மேடையில் ஏற்றுவதும், கட்டடத்தைச் சுற்றிக் காட்டி அதன் கதையைக் கூறுவதும் அவ்வேலையின் பகுதிகளே.

இன்று நாடகமும் இசையும் நடனமும் அங்கு நிகழ்கின்றன. கேபிள் தெருவில் சற்றுத் தொலைவு சென்றால், 1936இன் போராட்டத்தைக் காட்டும் மாபெரும் சுவரோவியம் ஒன்றைக் காணலாம். 1983இல் அது வரைந்து முடிக்கப்பட்டது. அங்கிருந்து திரும்பிக் கிரேசஸ் சந்தில் நுழைபவர், அதே ஐந்து வீடுகளை அதே உரிந்த கதவுகளோடு காண்பார். கதவைத் தள்ளி உள்ளே சென்றால் முதலில் எதிர்ப்படுவது பழைய மதுக்கடையின் அறை. அதன் பெயர் இன்றும் மகோகனிக் கடையே. கடையைத் தாண்டி, தேய்ந்த படிகளையும் குறுகிய வழியையும் கடந்தால், முறுக்குத் தூண்கள் தோன்றும்.